சாத்துக்குடி என்று நட்ட மரம்

சேசு மரி சூசை துணை

28.9.2004
செவ்வாய் மதியம்

அன்பு மகள் அனிதா மேரிக்கு அப்பா இன்னாசிமுத்து ஆசீர்வாதத்தோடு எழுதுவது. நீ அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, குவைத்து வெயிலில் என் நிறத்துக்கு வந்துவிடாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகம், ஆடு சுகம், பக்கத்து வீட்டு அக்கம்மாள் மதினி சுகம், அவள் வாய் அதைவிட சுகம். அம்மாவைப் பற்றி இந்த வரியில் எழுதவில்லை. அவளுக்கு உடம்பு சரியில்லை, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. ஆனால் நேரே அங்கே போகக் கை வரமாட்டேன் என்கிறது, அதனால் முதலில் என்னுடைய வெட்கக்கேடு ஒன்றைச் சொல்லி, அப்படியே மெல்ல நடந்து அங்கே வருகிறேன், நீயும் கூடவே வா.

நீ போன புதிதில் முதல் சம்பளத்தில் எனக்குப் பல் கட்டச் சொல்லிப் பணம் அனுப்பினாயே, அந்தப் பல்லை நான் கட்டவே இல்லை ஆத்தா. திராட்சைப் பந்தல் கல் சாய்ந்து போன முன்பல் போனதுதான், அந்த இடம் இன்றைக்கும் கதவு இல்லாத வாசல் மாதிரிதான் கிடக்கிறது. நீ போனில் கேட்கும்போதெல்லாம் முறுக்குக்கூடக் கடிக்கிறேன் என்று சொன்னதெல்லாம் பொய். போட்டோவில் மீசையைத் தடவிக்கொண்டு நின்றேன் பார், அது ஸ்டைல் இல்லை, வாயை மறைத்தது. நடந்தது இதுதான். சின்னமனூரில் பல் கட்டுகிற இடத்தில் கூட்டம், சரி ஒரு டீ குடித்துவிட்டு வரலாம் என்று பஸ் ஸ்டாண்டு பக்கம் வந்தேன். அங்கே ஒரு வேன் நிறையப் பழக்கன்று வைத்து விற்றுக்கொண்டிருந்தான். ஒவ்வொரு கன்றிலும் ஒரு கலர் படம் கட்டித் தொங்குகிறது, மாம்பழம் ஒரு படம், மாதுளையைப் பிளந்து வைத்து ஒரு படம், சாத்துக்குடியில் சாறு சொட்டுகிற மாதிரி ஒரு படம். “அண்ணே, வச்சு மூணாம் வருசம் பாருங்க, காய் பறிக்க ஆளு தேடி அலைவீக” என்றான். பல் டாக்டர் அப்படி ஒரு படம்கூடக் காட்டவில்லை.

திராட்சைத் தோட்டத்திலேயே கிடக்கிற மனுசனுக்குப் பழம் என்ன அதிசயமா என்று நீ கேட்பாய். அது ஊரான் தோட்டத்துப் பழம் மகளே. கவாத்து வெட்டும்போது நான் இருப்பேன், கொத்து அறுக்கும்போது அடுத்த தோட்டத்துக் கவாத்துக்குப் போயிருப்பேன். அதோடு இன்னொன்றும் உண்டு. நீ போனபிறகு வீட்டில் ஒரு ஆள் குறைந்ததில் பின்முற்றம் திடீரென்று பெரிதாகிவிட்டது. நீ துணி காயப்போடுகிற கயிறு ஒன்றும் இல்லாமல் ஆடிக்கொண்டிருக்கும், அம்மா அதைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த இடத்தில் எதையாவது நட்டு நிறைத்துவிடலாம் என்று அந்த நேரத்தில் தோன்றியது, பல் பணம் முழுவதையும் கொடுத்து மா, சப்போட்டா, கொய்யா, மாதுளை, சாத்துக்குடி என்று அள்ளிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். கண்டக்டர் “ஏண்ணே, ஆளுக்குச் சீட்டுப் போடவா, காட்டுக்குப் போடவா?” என்று கேட்டான், முன்சீட்டுப் பொம்பிளையின் காதுக்குள் மாதுளை இலை போய் அவள் ஒரு சத்தம் போட்டாள். வீட்டு வாசலில் உன் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு “பல்லு எங்கங்க?” என்றாள். நான் கன்றுகளைத் தூக்கிக் காட்டினேன். “பல்லு இல்லாத மனுசன் கொய்யாக் கன்னு வாங்கியாந்து நிக்கிறாக, இதை எங்கன போய்ச் சொல்லி அழ?” என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள், சொல்லிவிட்டு உள்ளே போய்க் கடப்பாரையை எடுத்து வந்ததும் அவள்தான். குழி தோண்டியது, ஆட்டுப் புழுக்கை போட்டது, எது எங்கே என்று இடம் சொன்னது எல்லாம் அவள். சாத்துக்குடியை மட்டும் குளிக்கிற தண்ணீர் போகிற வாய்க்கால் ஓரம், அவள் படுக்கிற அறை ஜன்னலுக்கு நேரே வைக்கச் சொன்னாள். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று நான்தான் கெஞ்சி வைத்திருந்தேன்.

வளர்த்ததில் என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். திராட்சைக் கொடியை எப்படி ஏற்றுவோம் என்று நீ சின்னதில் இருந்து பார்த்தவள், நேராக வருகிற ஒரு சிம்பை மட்டும் விட்டு, பக்கச் சிம்பையெல்லாம் கிள்ளிக் கிள்ளிப் போட்டு, பந்தல் உயரம் போனபிறகுதான் படர விடுவோம். என் கைக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். அந்தக் கை சும்மா இருக்குமா, மா, கொய்யா என்று பார்க்காமல் எல்லாவற்றையும் அப்படியே கிள்ளியது. கொஞ்ச நாளில் பின்முற்றத்தில் எல்லாம் ஒரே உயரத்துக்குக் கம்பு மாதிரி, பிரம்படிக்குப் பயந்த பிள்ளைகள் மாதிரி வரிசையில் நின்றன. உன் ஜான் பீட்டர் மாமா, அம்மாவின் பெரியப்பா மகன், லாரியை நிறுத்திவிட்டு வேலிக்கு வெளியே நின்று “என்ன மச்சான், மாமரத்துக்குப் பந்தல் எப்பப் போடப்போறீக?” என்று கேட்டார். “கம்பி நீ வாங்கிக் குடுத்தா நாளைக்கே போட்டுருவம்” என்று நானும் சொன்னேன். மா பட்டுப்போனது. சப்போட்டா கோபித்துக்கொண்டு நிற்கிறது. கொய்யா பெயருக்குக் காய்க்கிறது. மாதுளை பிஞ்சிலேயே வெடிக்கிறது. சாத்துக்குடி மட்டும் அடியிலிருந்து ஒரு சிம்பு முள்ளும் முரடுமாகக் கிளம்பி, நூல் பிடித்த மாதிரி மேலே போனது. ஆகா இதுதான் தலைச்சிம்பு என்று அதை வைத்துக்கொண்டு, பக்கத்தில் சோணங்கியாக நின்ற இன்னொன்றைக் கத்தரியால் வெட்டிவிட்டேன். இந்த வருடம் அதுதான் முதல்முதலாகக் காய்த்தது.

இனி அம்மா விஷயம். இந்த வருடம் தவக்காலத்தில் அவள் ஒருசந்தி நோன்பு இருந்தாள், எப்போதும் இருக்கிறதுதான், நான் ஒன்றும் நினைக்கவில்லை. ஒரு வேளைக் கஞ்சியும் பாதியில் வைத்துவிடுவாள், கேட்டால் ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்திருக்கிறேன் என்பாள். ஈஸ்டருக்குக் கறி எடுத்து வந்து போட்டேன், எனக்கு மட்டும் வைத்துவிட்டு எழுந்தாள். என்ன புள்ள என்றால், ஒரு வேண்டுதல், இன்னும் கொஞ்ச நாள் ஒருசந்தி என்றாள். ஈஸ்டர் முடிந்தும் ஒருசந்தி இருக்கிறவளை யாராவது கண்டதுண்டா, ஆனால் நான் நம்பினேன் மகளே. உனக்குக் கல்யாணம் கூடிவர வேண்டிக்கொள்கிறாள் போல என்று நினைத்து அவளைக் கேலிகூடச் செய்தேன், மாப்பிள்ளை வருவதற்குள் நீ காற்றில் பறந்துவிடுவாய் என்றேன். சேலைக் கொசுவம் இடுப்பில் நிற்காமல் நழுவியபோதுதான் பயந்தேன். தேனியில் காட்டி, அங்கிருந்து மதுரை பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்து, அங்கே எல்லாம் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்கள். இரைப்பையில் கேன்சர், ஈரலுக்கும் போய்விட்டது, அறுத்துப் பிரயோசனம் இல்லை, வீட்டுக்குக் கூட்டிப்போய் அவர்கள் கேட்பதைக் கொடுங்கள் என்றார்கள். அல்சர் என்று உன்னிடம் சொன்னது அதைத்தான்.

நீ நர்ஸ், நாங்கள் சொன்ன மாத்திரைப் பெயரை வைத்தே பாதி கண்டுபிடித்திருப்பாய், போன மாதம் நீ அல்சர்தானே அப்பா என்று இரண்டு தடவை கேட்டபோதே எனக்குத் தெரியும். ஆனால் அவள் மாதா படத்தில் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கிவிட்டாள். “ஊர்ல ஒருத்தருக்கும் மூச்சு விடக்கூடாது. ஒருத்தருக்குத் தெரிஞ்சா குவைத்துக்குப் போயிரும். அவ ஏற்கனவே பக்கத்து நாட்டுச் சண்டையினால ஒரு லீவு போச்சுன்னு ஏங்கிக் கெடக்கா, பாஸ்போட்டு வேற வேலை குடுத்தவுக கையில இருக்கு, இப்ப தெரிஞ்சா அங்கன கெடந்து தவிக்கத்தேன் முடியும். கிறிஸ்மஸ்க்குத்தேன் வர்றால்ல, அதுக்குள்ள நான் எங்கன போயிறப் போறேன்” என்றாள். அக்கம்மாள் மதினிக்கு மட்டும் தெரியும், அந்த வாய் இதற்கு மட்டும் பூட்டிக்கொண்டது. நீ போன் செய்கிற வெள்ளிக்கிழமை காலையில் இருந்து அம்மா பேசமாட்டாள், கையால்தான் சாடை காட்டுவாள், குரலைச் சேர்த்து வைக்கிறாளாம். பிறகு மதினி வீடு வரைக்கும் கைத்தாங்கலாகக் கூட்டிப் போவேன், போனை வாங்கி “சாப்டியாடி?” என்று உன்னைக் கேட்பாளே, அந்தச் சத்தத்துக்காகத்தான் அத்தனையும். வைத்தபிறகு மறுநாள் வரை எழுந்திருக்கமாட்டாள். கடைசி இரண்டு வெள்ளியும் அம்மா கோயிலுக்குப் போயிருக்கிறாள் என்று சொன்னேன். கோயிலுக்குப் போகவில்லை. மதினி வீடு வரை நடக்க முடியவில்லை.

அவளுக்கு நாக்கு செத்துப்போனது. எதைக் கொடுத்தாலும் “வாயில மண்ணை அள்ளிப் போட்ட மாதிரி இருக்குங்க” என்பாள். இளநீர், பால், ஆட்டுக்கால் சாறு எல்லாம் பார்த்தாயிற்று. கேட்பதைக் கொடுங்கள் என்று மதுரையில் சொன்னார்களே, அவள் எதையும் கேட்டால்தானே. அப்படி இருந்தவள் இந்த மாதம் ஒரு நாள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு “அது பழுத்திருச்சுல்ல?” என்றாள். சாத்துக்குடி மரத்தில் மற்றதெல்லாம் பச்சையாக இருக்க ஒன்று மட்டும் மஞ்சள் பிடித்துத் தொங்கியது. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை, அவள் வாய் திறந்து ஒன்றைக் கேட்டுவிட்டாள், ஓடிப்போய்க் கிளையைப் பிடித்தேன், ஜன்னலுக்குள்ளிருந்து அதட்டினாள். “முதப் பழங்க. கோயிலுக்கு வைக்காம வாயில வைப்பாகளா? ஞாயித்துக்கெழம கொண்டுபோய் வச்சுட்டு, ஏலத்துல நீங்களே எடுத்தாந்துருங்க. கோயிலுக்கும் குடுத்தாச்சு, நானும் வாய் நனைச்சாச்சு.” அது நியாயம்தானே. சேவலோ பூசணியோ முதல் திராட்சைக் கொத்தோ, யார் வைத்தாலும் பூசைக்குப் பிறகு கோயில் வாசலில் ஏலம் போகும், வைத்தவர்களே எடுப்பதும் உண்டு. ஒரு பழம், யார் போட்டிக்கு வரப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

ஏலத்தில் உன் அப்பன் எப்படிப்பட்ட ஆள் என்று உனக்குத் தெரியும். வாங்குகிற எண்ணமே இல்லாமல் முகத்தை இழவு வீடு மாதிரி வைத்துக்கொண்டு கேள்வியை ஏற்றுவேன், எதிராளி சூடாகி மேலே போனதும் நழுவிவிடுவேன். போன வருடம் திருவிழாவில் ஜான் பீட்டர் மாமா தலையில் ஒரு கிழட்டுச் சேவலை அப்படித்தான் கட்டினேன், அதை எவ்வளவு வேகவைத்தும் வேகவில்லை என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார்கள். அதனால் உபதேசியார் இந்தப் பழத்தைத் தூக்கிக் காட்டி நான் முதல் கேள்வி கேட்டதுமே வாசலில் சிரிப்பு கிளம்பிவிட்டது. மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். நான் கேட்டேன், அவர் ஏற்றினார், நான் ஏற்றினேன், அவர் அதற்கு மேலே போனார். “மச்சான் நழுவப் பாக்குறாக, விட்றாதீக!” என்று கூட்டம் கைதட்டுகிறது. நான் நழுவவில்லை மகளே, நிஜமாகவே கேட்கிறேன் என்று முகத்தில் காட்டுகிறேன், நான் எவ்வளவுக்கு முகத்தை அப்படி வைக்கிறேனோ அவ்வளவுக்குச் சிரிக்கிறார்கள், ஏனென்றால் என் வழக்கமான முகமே அதுதான். என் வீட்டு ஆரோக்கியம்மாளுக்காகக் கேட்கிறேன், விடுங்கப்பா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தனை பேரும் ஒதுங்கியிருப்பார்கள். அந்த வார்த்தை வாய் வரைக்கும் வந்தது. சத்தியம் செய்த கையைச் சட்டைப் பைக்குள் விட்டேன், பையில் இருந்ததும் அதற்கு மேல் போகாது. ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். மாமா பழத்தைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டி “சேவலுக்குச் சரியாப் போச்சு மச்சான்!” என்றார். நானும் சேர்ந்து சிரித்தேன். சிரிக்காவிட்டால் தெரிந்துபோகும் அல்லவா.

வீட்டுக்குப் போகாமல் நேரே சின்னமனூருக்குப் பஸ் ஏறி, கடையில் நல்ல சாத்துக்குடியாகப் பார்த்து வாங்கி வந்து, சமையலறையிலேயே பிழிந்து எடுத்துப்போனேன். எடுத்துட்டீகளா என்று கேட்டாள். எடுத்துட்டேன் என்றேன். ஒரு கரண்டி வாயில் வைத்தாள். “நம்ம மரத்துப் பழம்னா நம்ம மரத்துப் பழந்தேன்” என்றாள். நான் டம்ளர் எடுக்கத் திரும்பினேன், அவள் துண்டில் துப்பிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டாள். ஓரக்கண்ணால் நான் பார்த்ததை அவள் பார்க்கவில்லை.

பொழுது சாய்கிற நேரம் பின்வேலியில் சத்தம். ஜான் பீட்டர் மாமா கையில் பாதிப் பழத்தோடு வருகிறார். “ஏ மச்சான்! வெளிய வாங்க! சாத்துக்குடின்னு சொல்லி எதைய்யா கோயில்ல வச்சீக? ஒரு சுளை வச்சேன், காதெல்லாம் அடைச்சுப்போச்சு! வேணும்னே என்னைய ஏத்திவிட்டீகள்ல?” என்று கத்திக்கொண்டே வழக்கம்போலக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். வந்தவர் கட்டிலைப் பார்த்தார். அல்சர் என்று கேள்விப்பட்டிருந்தவர்தான், ஆனால் அம்மாவை இரண்டு மாதமாகப் பார்க்கவில்லை. கழுத்து எலும்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மேசையில் இருந்த கடைச் சாறைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கிவிட்டது, அம்மாவுக்கும் விளங்கிவிட்டது. அவள்தான் முதலில் பேசினாள். “அண்ணே, என்ன கையில? அந்தப் பாதியக் கொண்டாங்க.” “வேணாம்த்தா, புளிக்குது, வாயில வைக்க முடியாது” என்றார். “கொண்டாங்கங்கிறேன். ஏங்க, ஒரு கல் உப்பு எடுங்க.” பிழிந்து, உப்புப் போட்டு, ஒரு கரண்டி கொடுத்தேன். கண்ணை இறுக்க மூடினாள், முகமெல்லாம் சுருங்கியது, எனக்கு உயிர் போய்விட்டது. பிறகு கண்ணைத் திறந்து, தொலைத்த சாமானைக் கண்டெடுத்தவள் மாதிரி, “புளிக்குதுங்க” என்றாள். “எனக்குத் தெரியுதுங்க, புளிக்குது.” இன்னொரு கரண்டி கேட்டாள். மூன்றாவதும் கேட்டாள். மாமா முகம் கழுவுகிறேன் என்று வாய்க்கால் பக்கம் போனவர் வெகுநேரம் வரவில்லை, தண்ணீர்ச் சத்தமும் கேட்கவில்லை.

அடுத்து ஓடைப்பட்டிப் பக்கம் கவாத்துக்குப் போனபோது அங்கே கன்று ஒட்டுகிறவரிடம் இந்தப் புளிப்பைப் பற்றிக் கேட்டேன். சாத்துக்குடியைக் காட்டு எலுமிச்சைத் தூரில்தான் ஒட்டுவார்களாம், நான் தலைச்சிம்பு என்று காப்பாற்றியது தூரில் இருந்து வந்த எலுமிச்சையை, சோணங்கி என்று வெட்டி எறிந்ததுதான் சாத்துக்குடி. வந்து அம்மாவிடம் சொன்னேன். “காலமெல்லாம் கவாத்துப் பண்ணின கை, எது நல்ல கிளைன்னு தெரியல பாருங்க” என்று சிரித்தாள், சிரித்ததில் இருமல் வந்து முதுகைத் தடவிவிட்டேன். பிறகு “நல்லதாப் போச்சுங்க, வெட்டலேன்னா இனிச்சிருக்கும், எனக்கு எதுவும் தெரிஞ்சிருக்காது” என்றாள். நான் கொய்யாவைப் பார்க்கப் போகிற மாதிரி வெளியே வந்துவிட்டேன்.

அதிலிருந்து தினமும் அந்தச் சாறுதான், உப்புப் போட்டு, வெந்நீர் கலந்து. மற்றதெல்லாம் மண். அந்தப் பாதி முடிந்து, பச்சையாக நின்றதிலும் பறித்துப் பிழிகிறேன், பச்சைக்கும் புளிப்பு உண்டு. மாமா, எந்த ஊருக்கு லாரி வேண்டும் மச்சான் என்று வந்து வந்து நிற்கிறார், பாவம், ஆஸ்பத்திரிக்காரர்களே வீட்டுக்குப் போகச் சொன்ன பிறகு லாரியை வைத்து என்ன செய்ய. மரத்தில் கொஞ்சம்தான் காய் இருக்கிறது. நேற்று ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு “அந்த மேக்கிளையில இருக்கிறதை மட்டும் தொடாதீக, அவ வந்து பறிக்கட்டும்” என்றாள். அவ என்றால் நீ. ஆனால் முன்பு மூன்று கரண்டி குடித்தவள் இப்போது ஒன்றோடு தலையைத் திருப்பிக்கொள்கிறாள். பகலெல்லாம் தூங்குகிறாள், விழித்தால் இன்னைக்கு என்ன கெழம என்று கேட்கிறாள், எதைச் சொன்னாலும் கிறிஸ்மஸ்க்கு இன்னும் எத்தனை ஞாயிறு என்று கேட்கிறாள். நான் எப்போதும் குறைத்துத்தான் சொல்கிறேன்.

கிறிஸ்மஸ் வரை இருக்கமாட்டாள் ஆத்தா. இதை எழுதத்தான் இத்தனை பக்கம் சுற்றி வந்தேன். போனில் சொல்லலாம் என்று போய் நின்றேன், நீ அப்பா என்றதும் ஆட்டைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன். சத்தியத்தை மீறலாமா என்று பங்குச் சாமியாரிடம் கேட்டேன், “மொதல்ல எழுதும், பெறகு வந்து பாவசங்கீர்த்தனம் பண்ணும்” என்று சொல்லிவிட்டார். உத்தமபாளையம் ஷானவாஸ் வெள்ளிக்கிழமை குவைத்துக்குத் திரும்புகிறார், தபாலை நம்பாமல் அவர் கையில் கொடுத்துவிடுகிறேன், நேரே உன் ஆஸ்பத்திரியில் வந்து தருவதாகச் சொன்னார். இதைப் படித்ததும் உன் மேலதிகாரி அம்மாவிடம் போய் நில். அழுதுகொண்டாவது கேள், சண்டை போட்டாவது கேள், உனக்குள் ஓடுவது உன் அம்மா ரத்தம்தானே. நீ அங்கே யாரோ பெற்ற தாய்க்குத் தலைவாரிவிட்டு, வாய் துடைத்து, புரட்டிப் படுக்க வைக்கிறாய், அதைக் குறையாகச் சொல்லவில்லை, புண்ணியம்தான். ஒரு வாரம் இவளுக்கும் செய்துவிட்டுப் போ. நான் செய்கிறேன், ஆனால் என் கை கவாத்துக் கை, தலை வாரிவிட்டால் “முடியப் பிடுங்காதீக” என்கிறாள். லீவு தராவிட்டால் அது உன் குற்றம் இல்லை, அதை இப்போதே எழுதி வைக்கிறேன், பின்னால் உன்னை நீயே திட்டிக்கொள்ளும்போது எடுத்துப் பார்.

வந்தால் இப்படிச் செய். நான் எழுதினேன் என்று காட்டிக்கொள்ளாதே, எதிர்பாராமல் லீவு கிடைத்தது என்று சொல். அவள் முன்னால் அழாதே, அழுகை வந்தால் ஆட்டுக்குத் தழை போடப் போகிறேன் என்று பின்னால் வந்துவிடு, நான் அப்படித்தான் செய்கிறேன், ஆடு நன்றாகக் கொழுத்திருக்கிறது. ஒருசந்தி இருக்கிறேன் என்று உன்னிடமும் சொல்வாள், சரிம்மா என்று கேட்டுக்கொள். ஒல்லியாயிட்டியேம்மா என்று மட்டும் சொல்லாதே, அவளுக்கு அது பிடிக்காது, இருபது வயதில் இப்படித்தான் இருந்தேன் என்று சண்டைக்கு வருவாள். ராத்திரிப் பயணத்தில் தலையில் துணி கட்டிக்கொள், பிளேனில் கொடுப்பதைச் சாப்பிடு, வெறும் வயிற்றோடு வந்து இங்கே நீயும் படுத்துவிடாதே. மதுரைக்கு ஜான் பீட்டர் மாமா வந்து அழைத்து வருவார், லாரியில் இல்லை, கார் சொல்லிவிட்டார்.

உன்னைச் சுமந்தவளும் நானும் உன் தலையில் கை வைத்து ஆசீர்வதிக்கிறோம், அவள் தூங்குகிறாள், அவள் கையையும் சேர்த்து நானே வைக்கிறேன். ஆண்டவர் உன் கால்களுக்கு வழி விடட்டும், மாதா உன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வரட்டும். எதுவும் வாங்கி வர வேண்டாம், சோப்பும் சென்ட்டும் பெட்டிக்குள் தேடிக்கொண்டு நேரத்தைப் போக்காதே. டிக்கெட் போட்டதும் ஜான் பீட்டர் மாமா வீட்டுக்குப் போன் செய், மதினி வீட்டுக்கு வேண்டாம், அம்மாவுக்குக் கேட்டுவிடும். மறந்துவிடாதே.

இப்படிக்கு
உன் வரவை எதிர்பார்க்கும் அப்பா
ம. இன்னாசிமுத்து

பின்குறிப்பு: நீ வந்தால் படுக்க வேண்டுமே என்று பரணில் கிடந்த உன் நாடாக் கட்டிலை இறக்கினேன். தூசி தட்டி, பழைய நாடாவை அவிழ்த்துவிட்டுப் புது நாடா பின்னி, அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் சுவரோரம் போட்டேன். நீ படுத்தால் தாங்குமா என்று பார்க்க நானே ஏறிப் படுத்தேன். தாங்கவில்லை. அம்மா விழித்து என்ன சத்தம் என்று கேட்டாள், பூனை என்று சொன்னேன். எவ்வளவு பெரிய பூனை என்று கேட்டாள், என்னளவு இருக்கும் என்று சொன்னேன். ஆசாரி வியாழக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.